உள்ளங்கையில் குழைத்த மண்

விளாங்குடி கண்மாயோரம் நான் வீடு கட்ட வாங்கிய இடத்தில், பூமிபூஜை முடிந்த மறுநாள் முன்பின் தெரியாத ஒருவர் நின்றிருந்தார். மதுரை வெயிலில் கம்பளிக் குல்லா. வண்டல் மண்ணைக் கிள்ளி, தண்ணீர்விட்டு உள்ளங்கையில் குழைத்தார். திருநீறுபோல் பூசுவார் என்று நினைத்தேன். அந்தக் கையை மறுகையால் தட்டினார், மண்மேல் தண்ணீர் மினுங்கியது. அமுக்கினார், மறைந்தது.

"லடாக்குல ரோடு போட்டேண்ணே. தட்டுனா தண்ணி மேல வர்ற இந்த மாதிரி மண்ணு அங்க தண்ணிய உறிஞ்சி, உறைஞ்சு, ரோட்டையே தூக்கிரும். உருகுனா சேறு."

"மதுரையில பனிக்கு எங்கண்ணே போறது?"

"கண்மாய் பெருகும்ல? அப்ப இதுவும் சேறுதான். அஸ்திவாரத்த ஆழமாப் போடுங்க."

இடத்தை மலிவாகப் பிடுங்க வந்த ஆளோ?

"இது விக்கிறதுக்கு இல்லண்ணே."

"நான் கேக்கலையே" என்று கையைக் கழுவிப் போய்விட்டார்.

சாமி கும்பிட்ட மண்ணைச் சந்தேகிக்கலாமா? அந்த ஆளைத்தான் சந்தேகிக்கிறேன். ஆனாலும் கொத்தனாரை இன்னும் வரச்சொல்லவில்லை. காலையில் திருநீறு குழைக்கும்போதெல்லாம் என் கை ஒருமுறை தட்டிப் பார்க்கிறது.