உண்டா சார்

கரும்பலகையை அழிப்பதற்கு முன் அவர் டஸ்டரை ஜன்னல் கம்பியில் ஒரு தட்டு தட்டுவார். பொடி பறந்து அடங்கும்வரை நிற்பார். பிறகு வகுப்பின் பக்கம் திரும்பி, “மறுப்பு உண்டா?” என்பார். பார்வை கடைசி பெஞ்சில் ஆரம்பித்து முதல் பெஞ்சுக்கு மெதுவாக இறங்கி வரும். யாரும் வாய் திறக்காவிட்டால் மறுபடி கேட்பார். மூன்றாம் தடவையும் கேட்ட பிறகுதான் டஸ்டர் பலகையைத் தொடும்.

குடிமையியல் வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் உண்டா சார். வீட்டிலும் அதே கதைதான். விளக்கை அணைக்கப் போனால் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். “அந்த மறுப்பையெல்லாம் ஸ்கூல்லயே மூட்டை கட்டி வெச்சுட்டு வாங்க. இங்க என் ராஜ்ஜியம்” என்று மனைவி அணைத்துவிட்டுப் போவாள். மகள் தலையணையில் முகத்தை அழுத்திச் சிரிப்பாள்.

அந்த மகளும் அவர் வகுப்பில்தான் இருந்தாள், பத்தாம் வகுப்பு. பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அவரை ‘சார்’ என்பாள்.

“மௌனம் சம்மதம்னு சொல்றாங்களே, அது சோம்பேறிங்க பேச்சு” என்பார் அவர். “கேக்காமலே இருந்துட்டு, அவன் சும்மாதானே இருந்தான்னு சொல்லக் கூடாது. கேக்கணும். மூணு தடவ கேக்கணும். அதுக்கப்புறமும் வாய் தொறக்கலன்னா, அப்பதான் அது சம்மதம்.”

வெள்ளிக்கிழமை கடைசி மணியில் வகுப்புச் சபை கூடும். பழைய வினாத்தாளைக் கிழித்துச் சீட்டு, காலி சாக்பீஸ் பெட்டிக்குள் ஓட்டு. எண்ணுவது மகள் வேலை. அவளை நம்பாதவர் இல்லை; தேர்வுத்தாளில் அப்பா கூட்டிய மதிப்பெண்ணையே மறுபடி கூட்டிப் பார்க்கிறவள். தோற்ற கட்சியும் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும், எண்ணியதும் சீட்டைக் கிழித்துவிட வேண்டும் என்பவை சபையின் சட்டங்கள். “எந்தப் பக்கம்டா ஓட்டுப் போட்டேன்னு ஒருத்தன்கிட்ட கேக்கறது, குளிக்கறவன எட்டிப் பாக்கற மாதிரி” என்று அவர் சொன்னபோது வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அவர் தற்காலிக ஆசிரியர். வேலை நிரந்தரமாவது அந்த வருடம் தாளாளர் போடும் கையெழுத்தில் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துக் குடிதண்ணீர்த் தொட்டியில் ஒரு புறா செத்துக் கிடந்தது. பிள்ளைகள் அவரிடம் ஓடிவந்தார்கள்.

“என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? யாருக்கு அதிகாரமோ அவங்ககிட்ட கேளுங்க.”

கேட்டார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி, கையில் குளிர்பானத்தோடு, “எதாவது குறை இருக்கா பசங்களா?” என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தார். வகுப்புத் தலைவன் எழுந்து, “தொட்டியில புறா செத்துக் கெடக்கு சார். சபையில தீர்மானம் போட்டிருக்கோம்” என்றான். பக்கத்தில் தாளாளர் புன்னகை மாறாமல் நின்றார்.

மறுநாள் தாளாளர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“பாடம் நடத்துங்கன்னு வேலை குடுத்தா, நாடு நடத்துறீங்களாமே சார்?”

“புறா கெடந்தது நிஜம்தானே சார்.”

“புறாவ எடுத்தாச்சு. இன்னும் ஒண்ணு கெடக்கு, அதையும் எடுக்கணும்.” சிரித்தார். “நீங்க ஜனநாயகவாதி. நானா எடுத்தா நல்லாருக்காது. நாளைக்குக் காலையில பசங்களையே கேட்டுடுவோம்.”

அவருக்கு அன்றிரவு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. தான் வளர்த்த பிள்ளைகள். ஒருவராவது கை தூக்காமல் இருப்பார்களா?

காலைக் கூட்டத்தில் தாளாளர் அவரை மேடையில் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். “இந்த சார் நம்ம பள்ளிக்கு வேண்டாம்னு நிர்வாகம் நெனைக்குது” என்றார் மைக்கில். பிறகு குரலை அவரைப் போலவே இழுத்து, “மறுப்பு உண்டா?”

சின்ன வகுப்புப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

“மறுப்பு உண்டா?”

பத்தாம் வகுப்பு வரிசையில் ஒரு கை உயர்ந்தது. உயர்ந்த கை சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு இறங்கியது. அவர் மகளைத் தேடினார். அவள் தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் தடவை கேட்டுவிட்டுத் தாளாளர் அவர் பக்கம் திரும்பினார். “உங்க கணக்குப்படி இது சம்மதம்தானே சார்?”

மைக் அவர் வாய்க்கு நேராக வந்தது. “ஆமா” என்றார்.

அதன்பின் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. வீட்டில் விளக்கை யாரையும் கேட்காமல் அணைத்தார். ஏன் கை தூக்கவில்லை என்று மகளை ஒரு நாளும் கேட்கவில்லை. “வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. உன் பொண்ணு வாய மூடியே பிழைச்சுக்குவா” என்று, அவள் காதில் விழும்படி மனைவியிடம் சொன்னார். சாப்பாடு போதுமா என்பதுகூட மனைவி வழியாகத்தான் போனது.

வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தபோது மகள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

“நான் போறேம்பா. உங்களுக்கு மறுப்பு உண்டா?”

அவர் செய்தித்தாளை மடித்தார்.

“மறுப்பு உண்டாப்பா?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாம் தடவை அவள் குரல் உடைந்துதான் வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தித்தாளை மறுபடி விரித்தார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவர் இருந்த காலம்வரை வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பினாள்.

மீதி விஷயம் அவர் போன பிறகுதான் தெரியவந்தது. இப்போது லாரி புக்கிங் ஆபீசில் இருக்கும் அந்த வகுப்புத் தலைவன் சொன்னான். கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம் விளையாட்டு வாத்தியார் வந்து, “நாளைக்குக் கை தூக்கறவனுக்குப் பரீட்சை ஹால் டிக்கெட் வராது” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உடனே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சபை கூடியிருக்கிறது. கை தூக்குவதா, வேண்டாமா? சாக்பீஸ் பெட்டியில் ஓட்டுப் போட்டார்கள். மகள் இரண்டு தடவை எண்ணினாள். வேண்டாம் என்பது ஒரே ஓட்டில் ஜெயித்தது. தோற்றவர்களும் கட்டுப்பட்டார்கள். மகள் எந்தப் பக்கம் போட்டாள் என்பது அவனுக்கும் தெரியாது. எண்ணி முடித்ததும் அவளே சீட்டுகளைக் கிழித்துவிட்டாளாம்.