எழுபது டிகிரியில் திறந்த குப்பி

கருவுற்றிருப்பது தெரிந்த அதே வாரத்தில்தான் ஆய்வகப் பாதுகாப்புப் படிவம் வந்தது. கர்ப்பமா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால் வேலையை மாற்றிவிடுவார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வேறு. ஹோம்புஷ் என்ற புறநகரில் இருந்த எங்கள் ஃபிளாட்டில் என் கணவருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

வெந்நீர் ஊற்றுகளில் வாழும் பாக்டீரியாவின் என்சைம்களைக் கொண்டு புதிய நியூக்ளியோசைடுகளைச் செய்வது எங்கள் வேலை. டி.என்.ஏ.வின் எழுத்துகள் அவற்றிலிருந்துதான் உருவாகின்றன. மற்ற என்சைம்கள் எழுபது டிகிரியில் பால்போலத் திரிந்துவிடும். இவை அசையாமல் நின்று, ஒரு மூலக்கூறிலிருந்து சர்க்கரையைக் கழற்றி, நாங்கள் மாற்றியமைத்த இன்னொன்றில் மாட்டும். புற்றுச்செல் அதைத் தன்னுடையது என்று நம்பி எடுத்துக்கொண்டு சாக வேண்டும். அதுதான் திட்டம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, சூடு ஆறும் முன்பே, அந்தப் புதிய கலவை இருந்த குப்பியைத் திறந்துவிட்டேன். மூடி தெறித்தது. கையுறைக்கும் கோட்டுக்கும் இடையில், மணிக்கட்டில் சுரீரென்றது.

பக்கத்து மேசையில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா, எங்கள் குழுவில் மூத்தவர், என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“கழுவும். நான் சொல்லுமட்டும் கையை எடுக்கப்படாது.”

“ஒண்ணும் இல்லக்கா, ஒரு துளிதான்.”

“சூட்டுக்காயம் ஆறிடும். உள்ளுக்குப் போனால் என்ன செய்யும் எண்டு ஆருக்கும் தெரியாது.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என் மறு கை வயிற்றின் மேல் இருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

“எத்தினை கிழமை?”

“ஏழு வாரம்.”

அவர் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கையைக் காட்டப் போனபோது டாக்டர் அந்தப் பொருளின் பெயரைக் கேட்டார். பெயர் கிடையாது, எண்தான் என்றேன். யாராவது இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்றார். எனக்குத் தெரிந்து எங்களைத் தவிர யாரும் இதைச் செய்ததே இல்லை என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை அதே பொருளின் செல் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுச்செல்கள் செத்திருந்தன. ஒப்பிடுவதற்காக வைத்த நல்ல செல்களும் செத்திருந்தன. அக்கா திரையை என் பக்கம் திருப்பவில்லை. நானே எட்டிப் பார்த்தேன்.

படிவத்தைத் திருத்திக் கொடுத்தேன்; வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு ஸ்கேனிலும் துடிப்பு கேட்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். மகள் எந்தக் குறையும் இல்லாமல் பிறந்தாள். இப்போது பள்ளிக்குப் போகிறாள். ஆனாலும் சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கே அவளுக்கு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டரிடம் கெஞ்சுகிறேன். எனக்கு எப்போதுமே பயம் ஜாஸ்தி என்று கணவர் சிரிக்கிறார். அந்தக் குப்பியைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.