மைக் ஐயாசாமியும் முன்சீட்டும்

செல்வராணியின் வேனில் முன்சீட்டு யாருக்கும் கிடையாது. அது அவள் கைப்பையின் இடம். ரெங்கம் ஊரிலிருந்து செனாய் ஊர் ஃபேக்டரிக்கு வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகிற அந்த வேனில், கட்டிய புருஷன் ஐயாசாமி ஏறினாலும் பின்னால்தான் உட்கார வேண்டும். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி. அந்த மிடுக்கு அவளுக்கு உண்டு.

ஐயாசாமிக்கும் ஒரு மிடுக்கு உண்டு. மாரியம்மன் திருவிழாவில் மைக் அவருடையது. காணாமற்போன பிள்ளையிலிருந்து அன்னதானம் வரை அவர் அறிவித்தால்தான் ஊருக்கு நம்பிக்கை. கொரோனாவில் கோயில் பூட்டிக் கிடக்க, பாவம், மனுஷனுக்கு நாக்கு நமநமவென்றது. கோயில் வாட்சாப் குழுவே அவருக்கு மைக் ஆனது. யாரோ அனுப்பிய செய்தியை ஒருநாள் அதே கணீரென்ற குரலில் வாசித்துக் குரல்பதிவாகப் போட்டார்: "பக்தகோடிகளே, இனிப்புநீர் உள்ளவங்க தடுப்பூசி போட்டா உயிருக்கே ஆபத்து!"

அவ்வளவுதான். வேனில் வரும் மலருக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. மறுவாரம் அவளுடைய முறை வந்தபோது, ஊசிக்குப் போகமாட்டேன் என்றுவிட்டாள்.

"உனக்குத்தான்டி மொதல்ல போடணும்னு கிளினிக்ல ஊசி போடுற நர்ஸ் மிஸ்ஸி சொல்றாங்க," என்றாள் செல்வராணி.

"அந்த மிஸ்ஸி யாருன்னே எனக்குத் தெரியாதுக்கா. அண்ணன் சொன்னா ஊரே கேக்கும் லா. திருவிழாவுல என் பிள்ள தொலஞ்சப்ப அவரு கொரலாலதான கெடச்சான்?"

மலர் ஒன்றும் முட்டாள் இல்லை. தெரிந்த குரலை நம்பினாள். அந்தக் குரல் செல்வராணியின் வீட்டில்தான் சோறு தின்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அந்தச் சேதி எங்கேருந்து வந்துச்சுங்க?"

"யாரோ அனுப்புனாங்க. நல்லதுதான நெனச்சேன்?"

"நல்லது நெனச்சுத்தான் சொன்னீங்க. அதனாலதான் நம்பிட்டாங்க. மலருக்கு ஏதாச்சும் ஆனா?"

"இப்ப மாத்திப் பேசுனா ஊர்ல எனக்கு என்ன மதிப்பு இருக்கும், ராணி?"

"மலர் உசுரவிட ஒங்க மதிப்பு பெருசா?"

ஐயாசாமி கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தொண்டையைச் செருமிக்கொண்டு கோயில் குழுவுக்குப் பேசுவது கேட்டது.

"பக்தகோடிகளே, ஐயாசாமி பேசுறேன். போன வாரம் நான் வாசிச்ச சேதி பொய். எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காம வாசிச்சிட்டேன், மன்னிச்சிருங்க. இனிப்புநீர் உள்ளவங்களுக்குத்தான் ஊசி மொதல்ல வேணும்னு கிளினிக்ல சொல்றாங்க. நாளைக்குக் காலையில நானும் போட்டுக்கப் போறேன். எங்க வீட்டம்மா வேன்ல எடம் இருக்கு."

எத்தனையோ திருவிழாக்களில் கேட்டுச் சலித்த குரல்தான். அன்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊரைக் கூட்டித் தன் தப்பைச் சொல்ல எத்தனை ஆம்பிளைக்குத் தைரியம் வரும்? என் புருஷனுக்கு வந்தது என்று நெஞ்சு நிமிர்ந்தது.

காலையில் முதல் ஆளாக மலர் வந்து நின்றாள். "அண்ணன் பேசுனதக் கேட்டேன்க்கா," என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். ஐயாசாமி யார் முகத்தையும் பார்க்காமல் பின்பக்கமாக நடந்தார்.

"அங்க எங்க போறீங்க?" என்றாள் செல்வராணி. முன்சீட்டிலிருந்த கைப்பையை எடுத்து மலரிடம் கொடுத்தாள்.