ரத்தக் காட்டேரிக்கு ரத்தம் எடுக்கத் தெரியவில்லை

விரல் இடுக்கில் ஸ்பிரிட் வாசனை... அதே கையில் தியேட்டர் முட்டை பப்ஸ். மூன்று தடவை சோப்புப் போட்டும் போகாத அந்த வாசனை, இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது.

கணபதி ஏரியாவில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேப். டிப்ளமோ முடித்த கையோடு ட்ரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். இரண்டாவது வாரமே ஒரு அம்மாவுக்கு ஊசி தப்பி, கை நீலம் பாய்ந்து வீங்கிவிட்டது. "பரவால்ல கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றிலிருந்து சிரிஞ்சுக்குள் ரத்தம் ஏறுவதைப் பார்த்தாலே எனக்குக் கை வெடவெடக்கும்.

ஒரு சனிக்கிழமை லேப் மேடம் கூப்பிட்டார்.

"திங்கக்கெழம மொத ஆளுக்கு நீதான் எடுக்கோணும் அம்மணி. முடியலீன்னா சொல்லீரு, உங்கப்பாவ வரச் சொல்லிப்போடறேன்."

குரலை உயர்த்தவே இல்லை. எங்கள் ஊரில் வேலையை விட்டு அனுப்புவதுகூட இவ்வளவு மரியாதையாகத்தான் நடக்கும்.

அப்பா வந்தால் கதை முடிந்தது. வீட்டில் என் ஜாதகத்தை ஏற்கெனவே நாலு பேருக்குக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

துடியலூர் ஹாஸ்டலில் என் அறைத்தோழி மகேஸ். அதே லேபில் எனக்கு ஒரு வருடம் சீனியர். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணைக் குடும்பம். அவள் ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்று அவளைத்தான் கேட்டு வருவார்கள். நான் அன்று ராத்திரி முழுக்கக் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தேன். ஞாயிறு காலை வந்து போர்வையை உருவினாள்.

"கெளம்பு புள்ள. ரத்தக் காட்டேரிப் படம் ஓடுது, டப்பிங்கு. காலைக் காட்சிக்குப் போலாம்."

"இருக்கற பயத்துக்கு இது ஒண்ணுதான் கொறச்சல்!"

"அதுக்குத்தான் போறது. எந்திரி."

படமா அது... ஒரு ரயில் முழுக்கக் காட்டேரிகள். கோடாரியோடு ஒரு நாயகி பெட்டி பெட்டியாக வெட்டிக்கொண்டே போகிறாள். ஒரு வெட்டுக்கு ஒரு குடம் ரத்தம். கோட்டு சூட்டு போட்ட வெள்ளைக்காரக் காட்டேரி, "இன்னாடா லுக்கு?" என்று மெட்ராஸ் தமிழில் மிரட்டுகிறது. லேத் பட்டறைகளுக்கு லீவு நாள் என்பதால் தியேட்டர் முழுக்க விசில். நான் மட்டும் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகேஸ் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் பார்த்தேன்.

தலைமைக் காட்டேரி ஒரு பெண்ணின் மணிக்கட்டில் லேசாகக் கீறுகிறது. ரத்தம் கூரை வரைக்கும் அடிக்கிறது.

"அது வெயினு மகேஸ்! வெயின்ல இப்புடிப் பீச்சாது!"

நான் இவ்வளவு சத்தமாகச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. அடுத்து அந்தக் காட்டேரி ரத்தத்தைக் கண்ணாடிக் கோப்பையில் பிடித்து மேஜையில் வைத்துவிட்டு, தன் பரம்பரைக் கதையை ஆற அமரச் சொல்கிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இந்நேரம் ஒறைஞ்சு கட்டியாயிருக்கும். எப்புடிக் குடிக்கறான்?"

முன்சீட்டுக்காரர் திரும்பினார். "ஏனுங்க, நீங்க டாக்டருங்களா?"

"லேபுங்க. நீங்க படத்தப் பாருங்க" என்றாள் மகேஸ்.

அவர் எங்கே படத்தைப் பார்த்தார்? ஒவ்வொரு வெட்டுக்கும் திரும்பி, "இது சரிங்களா?" என்பார். நானும் நீதிபதி மாதிரி "இல்லீங்க" என்பேன். இடைவேளையில் சாஸ் வழிய வழிய இரண்டு பப்ஸ் தின்றேன். அப்போதுதான் கவனித்தேன், கை நடுங்கவே இல்லை.

அந்தப் படம் மட்டும் எனக்கு ஏன் பிடித்துப்போனது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். திரையில் கொட்டுவது யாருடைய ரத்தமும் இல்லை. யாருக்கும் வலிக்காது. லேபில் ஒவ்வொரு குப்பியிலும் பேரும் வயதும் ஒட்டியிருக்கும். எனக்கு ரத்தத்தைக் கண்டு பயமே இல்லை, அந்த அம்மாவின் நீலம் பாய்ந்த கையைக் கண்டுதான் பயம். அது அந்த இருட்டில்தான் எனக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை முதல் ஆள், மீசை வைத்த பட்டறைக்காரர். என்னைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்த்தது. ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டேன்.

"அண்ணா, காட்டேரிப் படம் பாத்தீங்களா?"

"போஸ்டருதான் பாத்தேனுங்க. நல்லாருக்குதுங்களா?"

அந்தக் கோப்பைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் சிரித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டேன். அவர் போன பிறகு பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். வெளியே வந்தால் மகேஸ் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டே வருடம். அவளுக்குக் கல்யாணம் ஆனது, வேலையை விட்டுவிட்டாள். நான் இன்னும் இந்தத் துறையில்தான் இருக்கிறேன். இப்போது பெரிய லேப், என் கீழே பன்னிரண்டு பெண்கள், எல்லாவற்றுக்கும் பார்கோடு. ஊசி போடும்போது கதை கேட்க ஆளில்லை, எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டுகிறார்கள்.

போன வாரம் அந்தப் படம் என் செல்போனிலேயே வந்து நின்றது. போட்டேன். பத்துப் பத்து விநாடியாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், உட்காரவே முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு மகேஸைக் கூப்பிட்டேன். நன்றாகச் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்...

"போன மாசம் மாமியாள ஆஸ்பத்திரில சேத்திருந்தோம். ரத்தம் எடுக்க வந்த புள்ள மூணு எடத்துல குத்துச்சு. எனக்கு வெயின் கண்ணுக்கு முன்னால தெரியுது அம்மணி... கையக் கட்டீட்டு நின்னுட்டிருந்தேன்."

என்னை ஊருக்கு அனுப்பிவிடக் கூடாது என்று படத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள். அவள் வேலையை விட்டுப் போகும்போது நான் ஏன் என்றுகூடக் கேட்காமல் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

"எங்க லேபுல ஆளெடுக்கறாங்க மகேஸ். வாரியா?"

அவளுக்குப் பின்னால் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன.

"ஊட்ல கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

இன்றோடு எட்டு நாள். இதை எழுதி முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்துபோய் செல்போனைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.