வில்மாவின் இரண்டு கண்மணிகள்

வில்மா நோவிட்ஸ்கி, அமெரிக்காவின் ஈரீ நகரத்து முதியோர் விடுதியின் சலவை அறையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். அவள் இயந்திரத்தில், நான் மடிப்பு மேஜையில். மூன்றாம் இயந்திரத்தில் தண்ணீர் ஒழுகுகிறது என்று நாங்கள் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தோம். ஒரு பிப்ரவரி காலையில், ஈரப் போர்வைக் கட்டோடு வில்மா அந்தத் தண்ணீரில் வழுக்கி மல்லாக்க விழுந்தாள். பின்மண்டையும் இடுப்பும் ஒருசேரத் தரையில் மோதின. மறுநாளே ஒழுகலைச் சரிசெய்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தலைவலி விடவே இல்லை. வெளிச்சம் ஆகாது. இடுப்பிலிருந்து ஒரு மின்னல் இறங்கி வலது காலை மரத்துப்போகச் செய்யும். விபத்துக் காப்பீட்டிலிருந்து ஐந்து மாதம் உதவித்தொகை வந்தது. பிறகு ஒரு கடிதம் வந்தது: சுயேச்சை மருத்துவர் ஒருவரிடம் பரிசோதனைக்குப் போகவேண்டுமாம்.

தேர்தலில் நிற்கும் சுயேச்சைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டாக்டர் ஆல்டனும் அப்படித்தான். காப்பீட்டுக் கம்பெனி அழைத்தால் வருவார், கம்பெனி கொடுக்கும் கட்டணத்தை வாங்குவார், கம்பெனிக்கு அறிக்கை அனுப்புவார். மற்றபடி யாரையும் சாராதவர். தரைவிரிப்புக் கடைக்கு மேல் வாடகை அறை ஒன்றில் வியாழக்கிழமைதோறும் நோயாளிகளைக் குணப்படுத்தினார். மருந்தே கிடையாது, அறிக்கைதான்.

நான்தான் காரில் கூட்டிப்போனேன். ஒன்றேமுக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஒருவழியாக அவளைக் கூப்பிட்டதும், பையிலிருந்த பெப்பரோனி உருண்டையை, இறைச்சித் துண்டு வைத்துச் சுட்ட ரொட்டியை, பிரித்தேன். பாதிகூடத் தின்றிருக்க மாட்டேன், வெளியே வந்துவிட்டாள்.

"என்னடி, அதுக்குள்ளயா?"

"கோட்டைக் கழட்டவா டாக்டர்னு கேட்டேன். வேணாம்மா, குளிரும்னாரு. பாசக்கார மனுஷன்."

"முதுகைத் தொட்டுப் பாத்தாரா?"

"கை குடுத்தாரு. அதுவும் போகும்போது."

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. பதினான்கு பக்கம். முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தாராம். காலைத் தூக்கி, குனியவைத்து, நிமிரவைத்து, ஐம்பது நிமிடம் பரிசோதித்தாராம். தலைவலி மிகைப்படுத்தப்பட்டது, நோயாளி முழுக்கக் குணமாகிவிட்டார், ஐம்பது பவுண்டு தூக்கலாம். உதவித்தொகை அத்தோடு நின்றது.

வாசித்துக்கொண்டே வந்த வில்மா ஒன்பதாம் பக்கத்தில் சட்டென்று நிறுத்தினாள். 'கண்மணிகள் இரண்டும் சம அளவில் உள்ளன. ஒளி பட்டதும் இரண்டும் சுருங்குகின்றன.'

வில்மாவின் இடது கண் கண்ணாடிக் கண். பதினோரு வயதில், ஏரிப் பாலத்தில் அண்ணன் வீசிய தூண்டில் ஈயக்குண்டு பட்டுப் போன கண். சலவை அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"முப்பத்தொம்பது வருஷமா அசையாத கண்ணுடி இது," என்றாள். "அந்த ஆளு பாத்ததும் சுருங்கியிருக்கு. இந்த மனுஷனை வெறும் டாக்டர்னு சொல்லக்கூடாது, சாமியாரு." சிரித்துச் சிரித்துத் தலைவலி வந்து, அன்று முழுக்க இருட்டறையில் படுத்துக் கிடந்தாள்.

வில்மாவின் வக்கீல் மார்சி டெலூக்கா அறிக்கையைப் படித்துவிட்டு, "இதை வெளியில மூச்சு விடாதீங்க," என்றாள். டாக்டரிடம் சத்தியப் பிரமாணம் வாங்கி வாக்குமூலம் எடுக்கும் நாள் வந்தது. அந்தப் பதிவை வில்மா பிறகு எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"கண்ணுல விளக்கு அடிச்சுப் பாத்தீங்களா, டாக்டர்?" என்று மார்சி கேட்டாள்.

"எல்லாருக்கும் பாப்பேன்."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"ரெண்டுலயும்தான்."

"இடது கண்ணு?"

"நல்லா சுருங்குச்சு. எழுதியிருக்கேனே, பாக்கலையா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வில்மாவைப் பார்த்து மார்சி தலையசைத்தாள். வில்மா கண்ணைக் கழற்றி, காகிதத்தில் துடைத்து, அவர் முன்னால் மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் சற்று நேரம் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. "டைப் பண்ற பொண்ணோட தப்பா இருக்கும்," என்றார். கம்பெனி வக்கீல் அவசரமாகக் காபி இடைவேளை கேட்டார்.

வில்மா ஜெயித்த களிப்பில் இருப்பாள் என்று நினைத்தேன். இல்லை.

"வெக்கமா இருந்துச்சுடி. செத்துப்போன என் புருஷன் முன்னாடிகூட நான் அதைக் கழட்டினதில்ல. இருக்கற வலியை ஒருத்தனும் நம்பல. இல்லாத கண்ணைக் காட்டினப்பறம்தான் நம்புறாங்க."

டாக்டர் சொன்னது நம்பத்தக்கதல்ல என்று நீதிபதி எழுதினார். உதவித்தொகை திரும்ப வந்தது. தரைவிரிப்புக் கடைக்கு மேலே வியாழக்கிழமைகளில் இன்னும் கூட்டம் குறையவில்லை.

அடுத்த நவம்பரில் கம்பெனி வேறொரு சுயேச்சையிடம் அனுப்பியது, இம்முறை ஒரு டாக்டரம்மா. ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்தார். கோட்டைக் கழற்றச் சொன்னார். முதுகை அழுத்தியபோது வில்மா கத்தினாள். அவர் மன்னிப்புக் கேட்டார். காயம் உண்மை, வலி உண்மை, இனிப் பாரம் தூக்கக்கூடாது என்று நான்கே பக்கத்தில் எழுதினார்.

அந்த அம்மாளிடம் கம்பெனி அப்புறம் யாரையும் அனுப்பவில்லை என்று மார்சி சொன்னாள்.