கண் செதுக்காத முகம்

நான் சொல்லும் கதைகளில் பாதிக்குக் கைகால் முளைத்திருக்கும் என்று டென்மார்க்கில் எங்கள் ஊரான இக்காஸ்ட் முழுக்கத் தெரியும். இதற்கு ஒன்றும் முளைக்கவில்லை. 1988 டிசம்பரில் என் இரண்டு கண்ணாலும் கண்டது.

பக்கத்து வீட்டில் பியேத்ரோ என்ற இத்தாலிக்காரர் இருந்தார். பதின்மூன்று வயதில் அங்கே ஒரு மலைக்கிராமத்து மரச்சிற்பப் பட்டறையில் சேர்ந்தவராம். மூன்று வருடம் புனிதர்களின் பாதம் மட்டும் செதுக்கினார். அடுத்த மூன்று வருடம் கை. அதற்குப் பிறகே முகம். பின்னர் கல்லுக்கு மாறி, பெரிய சிற்பியாகி, டென்மார்க்கில் குடியேறினார். பட்டறைப் பழக்கம் மட்டும் போகவில்லை. ஆள் எதிரே வந்து உட்காராமல் கண் செதுக்க மாட்டார்.

தையல் தொழிற்சாலையில் வேலை செய்த மன்னார்க்காரன் ஸ்ரனிஸ்லாஸ், கலியாணப் படத்தைக் கொடுத்து, மனைவி ராசமலரின் முகத்தை மரத்தில் செய்யச் சொல்லியிருந்தான். அவள் மன்னாரில். விசாவுக்கு விண்ணப்பித்து ஒன்றரை வருடம். கோப்பன்ஹேகனிலிருந்து பதிலே இல்லை. முகம் முடிந்துவிட்டது. கண் மட்டும் அவள் வரவுக்குக் காத்திருந்தது.

டிசம்பர் 12, திங்கள். பிற்பகல் 3.40. இங்கே டிசம்பரில் அதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். திரைச்சீலையை விலக்கினேன். காற்றுக்காக என்று வையுங்கள். பட்டறை ஜன்னலில் ஒரு பெண். சேலை. முகம்... அந்த மர முகம்!

டொக்... டொக்... உளிச் சத்தம்.

செவ்வாயும் 3.40. புதனும். பட்டறை வாசலில் புதுப்பனி. காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. அதைக் கண்டும் என் புத்தி கள்ளத் தொடர்புப் பக்கம்தான் போனது.

ஷிப்ட் முடிந்து வந்த ஸ்ரனிஸ்லாஸை மறித்தேன்.

"தம்பி, உன்ர மனுசி வந்திட்டா. இத்தாலிக்காரன்ர பட்டறையில. மூண்டு நாளா."

"என்ன விசர்க்கதை அக்கா?"

"நான் பொய்யோ சொல்லுறன்? வந்து பார்."

உள்ளே பியேத்ரோ மட்டும். எதிரே, ஆள் உட்காரும் கதிரை வெறுமையாக.

"எங்கயடி ஒளிஞ்சிருக்கிறாய்? துரோகி!" என்று ஸ்ரனிஸ்லாஸ் கத்தினான்.

பியேத்ரோ விழித்தார். "இப்போதுதான் இங்கே இருந்தாள். வாயே திறக்கவில்லை. நீ அனுப்பினாய் என்று நினைத்தேன்" என்றார் டேனிஷில்.

கதிரையைத் தொட்டேன்.

ஈரம்...

சிலைக்குக் கண் இருந்தது.

இடது புருவத்தில் ஒரு வெட்டு.

"இது படத்தில இல்லையே..." என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

ஜனவரியில் மன்னாரிலிருந்து கடிதம் வந்தது. ஷெல் விழுந்ததாம். ராசமலரின் இடது புருவத்தில் காயம். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டதாம். டிசம்பர் 12, இரவு எட்டு பத்துக்கு.

மன்னாரில் எட்டு பத்து என்றால், இக்காஸ்டில் 3.40.

விசா மே மாதம் வந்தது. எங்கள் தமிழ் ஆட்களின் ஃபைல்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்று அந்த வருடம்தான் பேப்பரில் வந்தது. ஸ்ரனிஸ்லாஸ் அந்த விசாக் கடிதத்தைப் பிரித்து, சிலையின் கண்ணுக்கு நேரே வைத்தான்.

என்னோடு அவன் இன்றுவரை கதைப்பதில்லை.