கேன்சல் சொன்ன பிறகு விழுந்த சீட்டு

அந்தச் சீட்டு விழுந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நீல நிறம், நடுவில் பெரிதாக நான்கு. நான் எதிரே உட்கார்ந்து ‘கேன்சல்’ என்று கத்தியாகிவிட்டது. மற்ற இருவரும் கையை நிறுத்திவிட்டார்கள். மாமா மட்டும் தலை நிமிராமல், கையிலிருந்த சீட்டுகளிலிருந்து ஒன்றை உருவி, பொறுமையாகத் தரையில் வைத்தார். பிறகு அடுத்த ஆளைப் பார்த்து, போடு என்பதுபோல் தாடையை அசைத்தார். அவர் முகத்தில் இருந்த அந்த நிதானத்தை அன்று நான் திமிர் என்றுதான் நினைத்தேன்.

மாமா என் அக்காவைக் கட்டியவர். ஆந்திராவின் நகரியில் ஒரே விசைத்தறிக் கொட்டகையில்தான் இருவரும் வேலை செய்தோம். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வோம். அதில் மாமாவை மிஞ்ச ஆள் இல்லை. அந்தக் கோடியில் நின்று நான் வாயை அசைத்தால் இந்தக் கோடியிலிருந்து சரியாகப் பதில் வரும். அவனுக்குப் பாம்புக் காது என்று முதலாளியே சொல்வார். மாமாவுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. நடக்கும்போது ஒவ்வொரு தறியின் சட்டத்தின் மீதும் உள்ளங்கையை வைத்துக்கொண்டே போவார். தறியைத் தடவிக்கொடுக்கிறார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

மதியத்தில் கரண்டு போனால் கொட்டகை சட்டென்று அடங்கிவிடும். அந்த நேரத்துக்காகத்தான் நான் திருப்பதியிலிருந்து என் மகளுக்கு வாங்கி, அவள் இரண்டே நாளில் தூக்கிப்போட்ட சீட்டுப் பெட்டியை எடுத்துப்போனேன். நாலு பேர் ஆடுவோம்: நான், மாமா, தறி பழுது பார்க்கும் ஃபிட்டர், தறியில் ஏற்றும் பாவு நூலைப் பிணைக்கிற அண்ணன். ஒருவர் போடும் சீட்டு அடுத்தவரை நாலு சீட்டு எடுக்க வைக்கும், அல்லது அவர் முறையைப் பறிக்கும். அதைத் தடுக்க ரத்துச் சீட்டு. ரத்தையும் இன்னொரு ரத்துச் சீட்டால் ரத்து செய்யலாம். ஆனால் எந்த நொடி வரைக்கும் என்பதில்தான் சண்டை. பெட்டியில் இருந்த தாளில் ஆங்கிலத்தில் ஒரே வரி இருந்தது. அதற்கு ஆளுக்கொரு அர்த்தம் சொன்னோம். கடைசியில் விதி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது, பத்தாவது வரை படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால்.

அடுத்தவரின் சீட்டு தரையைத் தொடுவதற்குள் ரத்துச் சீட்டு தரையைத் தொட வேண்டும் என்று முதலில் எழுதினேன். அந்த விதி இருந்தவரை மாமாவை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. தரையிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார். ஆனால் ஃபிட்டருக்கு விரல்கள் தடிமன். ரத்துச் சீட்டைத் தேடி உருவுவதற்குள் அவர் முறை போய்விடும். “நான் தேடி எடுக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிப்பூடுது, இது இன்னா நாயம்?” என்று தினமும் புலம்பினார். அதனால் விதியை மாற்றினேன். சீட்டு வேண்டாம், ‘கேன்சல்’ என்று வாயால் சொன்னாலே போதும். சீட்டைப் பிறகு தேடி எடுத்துக் காட்டலாம். அந்தச் சொல் கேட்ட பிறகு எவரும் சீட்டு வைக்கக் கூடாது, வைத்தால் நாலு சீட்டு அபராதம்.

அன்றிலிருந்துதான் மாமா தப்பாக ஆட ஆரம்பித்தார். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. நாங்கள் கேன்சல் சொல்லி முடித்த பிறகும் அவர் சீட்டு விழும். எடுத்துச் சொன்னால் சிரித்துக்கொண்டே அபராதம் எடுப்பார். சில நாள் நான்தான் முதலில் வைத்தேன் என்று சாதிப்பார். கேட்டும் கேட்காத மாதிரி நடிக்கிறார், முந்திக்கொண்டு சீட்டை வைத்து ரத்தைச் செல்லாமல் ஆக்கப் பார்க்கிறார் என்று மூவரும் முடிவு கட்டினோம். அந்த நீலச் சீட்டு விழுந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

“மாமா, கத்துனது காதுல விழல? இப்டித் திருட்டு ஆட்டம் ஆடறதுக்கு ஆடாமயே இருக்கலாம்.”

அவர் என் உதட்டையே பார்த்தார். திருட்டு என்ற சொல் அவருக்கு எட்டியது. கையிலிருந்த சீட்டுகளை அடுக்கி, கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு கரண்டு போகும்போதெல்லாம் தன் தறியோரமே தனியாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூன்று பேராக ஆடினோம். எனக்கு அதில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலுக்கு முதுகைக் காட்டி, அடுப்பு மேடையோரம் உட்கார்ந்து மாமா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் காதிலிருந்து ஒரு முழத்தில் குக்கர். நான் உள்ளே நுழையவும் அது வீறிட்டு விசில் அடித்தது. நான் பதறிப் பின்வாங்கினேன். மாமாவின் தோள் அசையவில்லை. அடுத்த விசில். அதற்கடுத்த விசில். அவர் பாட்டுக்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தார். பின்கட்டிலிருந்து அக்கா ஓடிவந்து, அவர் முகத்துக்கு எதிரே கையை ஆட்டி அடுப்பைக் காட்டிய பிறகுதான் எழுந்து அணைத்தார்.

அக்காவைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனேன்.

“ஒனக்குத் தெரியாதா? நாலு வருசமா இப்டித்தான்டா கீறாரு,” என்றாள். “யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு பிள்ளைங்க மேல சத்தியம் வாங்கிக்கினாரு. தறி சத்தம் மாறுனா கண்டுபிடிக்கத் தெரியணுமாமே. காது கேக்காதவனுக்கு மொதலாளி தறி குடுப்பாரா?”

சட்டத்தின் மீது அவர் கை வைத்து நடந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. தறியை அவர் கேட்கவில்லை, தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரைச்சலில் எல்லோருமே செவிடர்கள் என்பதால் அங்கே அவர் எங்களுக்குச் சமம். கொட்டகை அமைதியாகி, நாங்கள் தலை குனிந்து சீட்டைப் பார்த்துக்கொண்டு பேசும்போதுதான் அவருக்கு எதுவும் எட்டவில்லை. தரையைப் பார்த்தே ஜெயித்துக்கொண்டிருந்த மனிதரை என் விதி ஒன்று திருடனாக்கியிருந்தது.

திருப்பதிக்கு வர அவரைச் சம்மதிக்க வைக்கப் பத்து நாள் ஆனது. ஆஸ்பத்திரியில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். மாமா முடித்து வந்ததும், பரிசோதித்த பெண் என்னிடம், “மீரு கூடா அதே பனா?” என்றாள். நானும் அதே வேலைதான், ஆனால் எனக்கு நன்றாகக் கேட்கும் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னாள்.

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் சத்தம் வந்தது, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று காத்திருந்தேன். ஜன்னலுக்கு அப்பால் மாமா அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, இயந்திரத்தின் மீதிருந்த அவள் விரலையே கவனித்துக்கொண்டிருந்தார். திடீரென்று என்னைப் பார்த்துத் தன் கட்டைவிரலை மடக்கி அழுத்திக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் காட்டினார். மூன்றாம் முறைதான் உறைத்தது. சத்தம் வந்துகொண்டிருக்கிறது, அழுத்துடா என்கிறார். ஹெட்போனுக்குள் நிசப்தம். பொத்தானை நான் அழுத்தவில்லை. அவருக்கு இரண்டு காதிலும் மிச்சம் கொஞ்சம்தான், எனக்கு இடது காதில் பாதி போயிருந்தது என்று வெளியே வந்ததும் சொன்னார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் முகத்தை என் பக்கம் திருப்பி, அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது மாமா என்றேன். அவர் என் உதட்டைப் படித்து முடித்தார். “ரூலு எழுதனவன் நீ. நீயே மாத்து,” என்றார். ஊர் வரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை கரண்டு போனபோது அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தேன். இனிமேல் வாயால் சொல்வது செல்லாது, உள்ளங்கையைத் தரையில் வைத்தால்தான் கேன்சல், அதற்குப் பிறகு சீட்டைத் தேடிக்கொள்ளலாம் என்று அறிவித்தேன். காரணத்தைச் சொல்லவில்லை. தனக்காகச் செய்த விதியை மாற்றியதற்கு ஃபிட்டர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “நல்லதாப் போச்சி,” என்றார் மெதுவாக. “எனக்கும் இந்தப் பக்கத்துக் காதுல ஒன்னும் கேக்கறதில்ல. யார்கிட்ட சொல்றதுன்னு இருந்தேன்.”

பாவு பிணைக்கிற அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்து சீட்டுகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தார். மாமா கையை நீட்டி அவர் முழங்காலைத் தட்டினார். அண்ணன் நிமிர்ந்து, எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா? எதுனா சொன்னீங்களா?”